மருத்துவ ஆய்விதழ்களைச் செய்தியோடை வழியாகத் தொடர்ந்து கவனிக்க முழுமையான வழிகாட்டி

மருத்துவம், செவிலியம், இயன்முறை மருத்துவம், பொதுச் சுகாதாரம் என எந்தத் துறையைச் சேர்ந்தவரானாலும், ஒவ்வோர் ஆய்விதழின் தளத்துக்கும் நேரில் சென்று புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. செய்தியோடை அந்த அலைச்சலை நீக்குகிறது. ஆய்விதழின் தளமோ தரவுத்தளமோ தன் புதிய கட்டுரைகளின் பட்டியலை ஒரு சிறு கோப்பில் எழுதிவைக்கிறது; நம்மிடமுள்ள வாசிப்புச் செயலி அந்தக் கோப்பை அவ்வப்போது எடுத்துப் பார்த்து, புதியவற்றை மட்டும் நம் முன் வைக்கிறது.

இதை அமைப்பது கடினமில்லை. ஆனாலும் புதியவர்களில் பலர் சில வாரங்களில் கைவிட்டுவிடுகிறார்கள். பெயர் தெரிந்த இதழ்களையெல்லாம் முதல் நாளே சேர்த்துவிட்டு, ஆயிரக்கணக்கில் படிக்காத தலைப்புகள் குவிந்த பிறகுதான் தமக்கு எது வேண்டும் என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். 2ஆம் படியைத் தாண்டிக் குதிப்பவர்களே மிகுதி; பின்னால் திரும்பி வருபவர்களும் அவர்களே.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் ஆர்வத்துக்கு மிகப் பொருத்தமானவை என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த நான்கைந்து கட்டுரைகளின் தலைப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவை அண்மையில் வெளிவந்தவையாக இருப்பது நல்லது. பின்னர் அமைக்கப்போகும் தேடல் சரியாக வேலை செய்கிறதா என்பதைச் சோதிக்க இவையே உரைகல்.

அடுத்து, நீங்கள் உண்மையாகவே படிக்கும் இதழ்களின் பெயர்களையும், ஒவ்வொன்றுக்கும் உரிய எட்டு இலக்க அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள ஆய்விதழ்கள் மருத்துவத் துறையில் ஏராளம். புகழ்பெற்ற இதழின் பெயரைச் சற்றே திருத்தி வைத்துக்கொண்டு கட்டணம் வசூலிக்கும் போலி இதழ்களும் உண்டு. பெயர் குழப்பும், எண் குழப்பாது.

நிறுவன நூலகத்தின் வழியாகச் சந்தா இதழ்களைப் படிப்பவராக இருந்தால், வெளியிலிருந்து நுழைவதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இப்போதும் வேலை செய்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். ஓடை உங்களுக்குத் தலைப்பையும் பெரும்பாலும் சுருக்கத்தையும் மட்டுமே தரும். முழுக் கட்டுரைக்கான கதவை அது திறக்காது.

2. கேள்வியையும் வார அளவையும் முடிவு செய்தல்

‘இதய நோயியல்’ என்பது ஒரு துறையின் பெயர். ‘இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு வீட்டிலிருந்தே செய்யும் உடற்பயிற்சி மறுவாழ்வு’ என்பது கேள்வி. துறையின் பெயரை வைத்து ஓடை அமைத்தால் வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் வரும். கேள்வியை வைத்து அமைத்தால் விரல்விட்டு எண்ணும் அளவில் வரும். எனவே நீங்கள் தொடர விரும்பும் கேள்விகளை ஒவ்வொன்றும் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். பிறகு சேர்த்துக்கொள்வது எளிது; சேர்த்ததை நீக்க மனம் வருவதுதான் அரிது.

அடுத்து, வாரத்துக்கு எத்தனை தலைப்புகளைக் கண்ணோட்டம் விட உங்களால் முடியும் என்று ஓர் எண்ணை முடிவு செய்யுங்கள். பணிச்சுமை உள்ள ஒருவருக்கு 100 தலைப்புகள் என்பதே தாராளமான எண். பின்வரும் படிகளில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற ஒவ்வொரு முடிவும் இந்த எண்ணுக்குக் கட்டுப்பட வேண்டும். இதை எழுதி வைக்காதவர்களிடம், எந்த இதழையும் வேண்டாம் என்று சொல்வதற்கான அளவுகோலே இருப்பதில்லை.

3. வாசிப்புச் செயலியைத் தேர்ந்தெடுத்தல்

வாசிப்புச் செயலிகள் இரண்டு வகை. ஃபீட்லி, இனோரீடர் போன்றவை இணையச் சேவைகள். அவற்றின் வழங்கிகள் நீங்கள் உள்நுழைந்தாலும் நுழையாவிட்டாலும் ஓடைகளைச் சோதித்துக்கொண்டே இருக்கும். தண்டர்பேர்ட் போன்றவை உங்கள் கணினியில் நிறுவப்படுபவை. செயலி திறந்திருக்கும்போது மட்டுமே அவை ஓடைகளைச் சோதிக்கும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், ஓடைக் கோப்பு எல்லாக் கட்டுரைகளையும் காலவரையின்றி வைத்திருப்பதில்லை. அண்மைய சில பத்து உருப்படிகளையோ நடப்பு இதழின் பொருளடக்கத்தையோ மட்டும் வைத்திருந்து, புதியது வந்ததும் பழையதைக் கழித்துவிடும். நீங்கள் மூன்று வாரம் விடுப்பில் சென்று கணினியையே திறக்காமல் இருந்தால், அந்த இடைவெளியில் வந்துபோன கட்டுரைகள் கணினியில் நிறுவிய செயலியின் கண்ணில் படாமலேயே கழிந்திருக்கக்கூடும்; தவறவிட்டதாக எந்த எச்சரிக்கையும் வராது. எனவே நாள்தோறும் ஒரே கணினியில் அமர்பவர் அல்லாத எவருக்கும் இணையச் சேவையையே பரிந்துரைப்பேன். இலவசக் கணக்குகளில் ஓடைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு; நாம் இங்கே அமைக்கப்போகும் சிறு தொகுப்புக்கு அது போதும்.

ஜோட்டீரோவை மேற்கோள் மேலாண்மைக்கு ஏற்கெனவே பயன்படுத்துபவர்கள் அதிலேயே ஓடைகளைச் சேர்க்கலாம். கட்டுரையை ஒரே சொடுக்கில் நூலகத்துக்கு மாற்றிவிடலாம் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் குறிப்பிட்ட நாள்கள் கழிந்ததும் ஓடையின் உருப்படிகளைத் தானாகவே நீக்கும் அமைப்பு அதில் உண்டு. படித்தவற்றை எப்போது நீக்குவது, படிக்காதவற்றை எப்போது நீக்குவது என்பவற்றைத் தொடக்கத்திலேயே பார்த்து, உங்கள் பழக்கத்துக்கு ஏற்ப மாற்றிவிடுங்கள்.

4. ஆய்விதழின் ஓடை முகவரியைக் கண்டுபிடித்தல்

இதழின் முகப்புப் பக்கத்தில் ஆரஞ்சு நிறச் சதுரத்துக்குள் அலைகள் விரிவது போன்ற சின்னத்தையோ செய்தியோடையைக் குறிக்கும் ஆர்எஸ்எஸ் என்ற எழுத்துகளையோ தேடுங்கள். பல தளங்களில் அது பக்கத்தின் அடியில் இருக்கும். சிலவற்றில் மின்னஞ்சல் அறிவிப்புகளுக்கான பக்கத்துக்குள் ஒளிந்திருக்கும்.

அதைச் சொடுக்கியதும் உலாவியில் கோணக் குறிகளும் குறியீடுகளுமாக ஒரு பக்கம் விரியலாம். சில உலாவிகளில் கோப்பாகத் தரவிறங்கவும் செய்யலாம். தளம் பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பலர் இங்கேதான் மூடிவிடுகிறார்கள். ஓடையின் இயல்பான தோற்றமே அதுதான். இன்றைய உலாவிகள் பெரும்பாலும் அதை அழகுபடுத்திக் காட்டுவதில்லை. அந்தப் பக்கத்தில் உங்களுக்கு வேண்டியது முகவரிப் பட்டையில் உள்ள முகவரி மட்டுமே. அதை நகலெடுத்து, வாசிப்புச் செயலியில் புதிய ஓடை சேர்க்கும் பெட்டியில் ஒட்டுங்கள்.

இதழின் முகப்பு முகவரியை ஒட்டினாலே செயலி தானாக ஓடையைக் கண்டுபிடித்துவிடுவதும் உண்டு. வசதியானதுதான், ஆனால் அப்படிக் கிடைப்பது சில வேளைகளில் பதிப்பகத்தின் செய்தி அறிவிப்புகளுக்கான ஓடையாக இருந்துவிடும். சேர்த்தவுடன் முதல் ஐந்து தலைப்புகளைப் படித்து, அவை ஆய்வுக் கட்டுரைகள்தாமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரே இதழுக்குப் பல ஓடைகள் இருக்கும்போது எதை எடுப்பது என்பதில் தயக்கம் வரும். நடப்பு இதழின் ஓடை, இதழ் வெளியாகும் நாளில் மொத்தமாக வந்து விழும். முன்கூட்டி இணையத்தில் வெளியாகும் கட்டுரைகளுக்கான ஓடை சிறுகச் சிறுக வரும். அச்சுக்கு வாரங்களோ மாதங்களோ முன்பே கட்டுரையைக் காட்டிவிடும். இரண்டையும் சேர்த்தால் ஒரே கட்டுரை இருமுறை வரும். முன்வெளியீட்டு ஓடை இருக்குமானால் அதை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. பிஎம்ஜே ஓப்பன், பிளாஸ் மெடிசின் போன்று கட்டுரைகளைத் தொடர்ச்சியாக இணையத்தில் வெளியிடும் இதழ்களில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. ‘அதிகம் படிக்கப்பட்டவை’ என்ற ஓடையைத் தொடவே வேண்டாம். அது புதியதையும் காட்டாது, உங்களுக்கு வேண்டியதையும் காட்டாது.

லான்செட், ஜாமா, பிஎம்ஜே, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் போன்ற பொது மருத்துவ வார இதழ்கள் தனி வகை. அவற்றில் ஆய்வுக் கட்டுரைகளோடு தலையங்கம், செய்தி, கடிதம், கருத்துரை, நூல் மதிப்புரை என எல்லாமே கலந்து வரும். ஆய்வுப் பகுதிக்கு மட்டும் தனி ஓடை கிடைத்தால் அதைச் சேருங்கள். கிடைக்காவிட்டால் 6ஆம் படியில் சொல்லப்போகும் வழியைப் பின்பற்றுங்கள்.

5. பப்மெட் தேடலை ஓடையாக மாற்றுதல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுவே. பப்மெட் என்பது மருத்துவக் கட்டுரைகளின் தலைப்பையும் சுருக்கத்தையும் தேட உதவும் இலவசத் தரவுத்தளம். இதழ்வாரியான ஓடை, நீங்கள் ஏற்கெனவே அறிந்த இதழில் வருவதை மட்டுமே காட்டும்; பொருள்வாரியான ஓடை, நீங்கள் பெயரே கேட்டிராத இதழில் வந்திருக்கும் முக்கியமான கட்டுரையையும் கொண்டுவரும். பப்மெட்டில் இதற்குக் கணக்கு எதுவும் தேவையில்லை. மின்னஞ்சல் அறிவிப்புக்குத்தான் உள்நுழைய வேண்டும்.

தேடலை அமைக்கும்போது கேள்வியை இரண்டு அல்லது மூன்று கருத்துகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கருத்துக்கும் ஒத்த சொற்களையெல்லாம், ‘அல்லது’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லான ‘ஆர்’ கொண்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் வையுங்கள். அடைப்புக்குறிகளை, ‘மற்றும்’ என்று பொருள்படும் ‘ஆண்ட்’ கொண்டு இணையுங்கள். இந்த இணைப்புச் சொற்களை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

கர்ப்பகால நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் தருவது குறித்த கட்டுரைகளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதல் அடைப்புக்குறிக்குள் ‘ஜெஸ்டேஷனல் டயாபிடீஸ்’ என்ற சொற்றொடர், ‘ஜிடிஎம்’ என்ற சுருக்கம், ‘ஹைப்பர்கிளைசீமியா இன் பிரெக்னன்சி’ என்ற சொற்றொடர், இவற்றோடு அதற்குரிய மெஷ் சொல் (கட்டுரையின் பொருளைக் குறிக்கத் தரவுத்தளம் இடும் நிலையான தலைப்புச் சொல்) ஆகியவை வரும். இரண்டாவதில் மெட்ஃபார்மினும் அதன் மெஷ் சொல்லும் வரும். சாதாரணச் சொற்கள் ஒவ்வொன்றின் பின்னும் டி, ஐ, ஏ, பி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டால், தலைப்பிலோ சுருக்கத்திலோ ஆசிரியர் தந்த திறவுச்சொற்களிலோ அச்சொல் உள்ள கட்டுரைகள் மட்டும் கிடைக்கும். மெஷ் சொல்லின் பின் எம், எச் என்ற இரண்டு எழுத்துகளை அதே போல இட வேண்டும்.

எங்கே தேடுவது என்பதைக் குறிக்கும் இந்தச் சதுர அடைப்புக்குறி எழுத்துகளை இட்டுவிட்டால் பப்மெட் ஒத்த சொற்களைத் தானாகத் தேடிச் சேர்க்காது என்பதை நினைவில் கொள்ளுங்கள். எனவே அமெரிக்க, பிரிட்டன் எழுத்துக்கூட்டல் இரண்டையும் நாமே எழுதியாக வேண்டும். ஹைப்பர்கிளைசீமியா, அனீமியா, பீடியாட்ரிக் போன்ற சொற்களில் நடுவே வரும் ‘ஏ’ என்ற ஓர் எழுத்தை விட்டுவிட்டதாலேயே பாதிக் கட்டுரைகளை இழந்துகொண்டிருப்பவர்கள் உண்டு; வராத கட்டுரைகள் கண்ணுக்குத் தெரியாதவை என்பதால் அவர்களுக்கு ஐயமும் எழுவதில்லை.

மெஷ் சொற்களை மட்டும் நம்பித் தேடலை முடித்துவிடுவதும் இதே போன்ற மற்றொரு பிழை. பப்மெட்டின் முதன்மைப் பகுதியான மெட்லைனில் உள்ள கட்டுரைகளுக்கு மெஷ் சொற்களை இடும் பணி 2022 முதல் தானியங்கி முறைக்கு மாறிவிட்டதால், முன்பு இருந்த நீண்ட காத்திருப்பு பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் பப்மெட்டில் உள்ள எல்லாப் பதிவுகளும் மெட்லைனைச் சேர்ந்தவை அல்ல. இலவச முழுக் கட்டுரைகளின் காப்பகமான பப்மெட் சென்ட்ரல் வழியாக மட்டும் உள்ளே வரும் கட்டுரைகளுக்கு மெஷ் சொற்கள் இடப்படுவதே இல்லை. மெஷ்ஷை மட்டும் வைத்துத் தேடினால் அவை என்றைக்கும் சிக்கா. ஆகவே ஒவ்வொரு கருத்துக்கும் மெஷ் சொல், சாதாரணச் சொல் இரண்டையும் ‘ஆர்’ கொண்டு சேர்த்தே வையுங்கள்.

சுருக்கெழுத்துகளில் மட்டும் சற்று எச்சரிக்கை வேண்டும். ‘எம்எஸ்’ என்று இட்டால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் வரும், மைட்ரல் ஸ்டெனோசிஸும் வரும், ஆய்வகத்து மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியும் வரும். மற்றொரு கருத்தோடு ‘ஆண்ட்’ இட்டு இணைத்திருந்தால் மட்டுமே சுருக்கங்களைச் சேருங்கள்.

இப்போது வடிகட்டிகள். இடப்பக்கம் உள்ள வடிகட்டிகளில் ஒன்றை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால், நீங்கள் நீக்கும்வரை அடுத்தடுத்த தேடல்களிலும் அது ஒட்டிக்கொண்டே இருக்கும். நேற்று ஏதோ காரணத்துக்காக இட்ட ‘கடந்த 1 ஆண்டு’ என்ற வடிகட்டி இன்றைய ஓடைக்குள்ளும் புகுந்துவிடும். ஓடையை உருவாக்குமுன் எல்லா வடிகட்டிகளையும் நீக்கிவிட்டு, தேவையானதை மட்டும் மறுபடி இடுங்கள். கால வடிகட்டி ஓடைக்குத் தேவையே இல்லை. ஓடை புதியதைத்தான் தருகிறது. ‘மனிதர்கள்’, வயதுப் பிரிவு, பால் ஆகிய வடிகட்டிகள் மெஷ் சொற்களைச் சார்ந்தவை என்பதால், மெஷ் இடப்படாத புதிய கட்டுரைகளை அவை வெளியே தள்ளிவிடும். ‘இலவச முழுக் கட்டுரை’ என்பதும் அப்படியே: இன்று சந்தாவுக்குள் இருக்கும் கட்டுரை சில மாதம் கழித்து இலவசமாகலாம், அப்போது அது புதியதாக இராது, உங்கள் ஓடைக்கும் வராது. மொழி வடிகட்டி பாதகமில்லாதது.

தேடல் தயாரானதும் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். முதலாவது, 1ஆம் படியில் எடுத்து வைத்த கட்டுரைகள் இந்தத் தேடலில் சிக்குகின்றனவா என்று பாருங்கள். ஒன்று தப்பியிருந்தால் அதன் தலைப்பையும் சுருக்கத்தையும் திறந்து, ஆசிரியர்கள் எந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று கண்டு, அதைத் தேடலில் சேருங்கள். இரண்டாவது அளவுச் சோதனை. முடிவுகளின் பக்கவாட்டில் ஆண்டுவாரியான பட்டை வரைபடம் இருக்கும். கடந்த முழு ஆண்டின் பட்டையின் மேல் சுட்டியை வைத்தால் அந்த ஆண்டின் எண்ணிக்கை தெரியும். அதை 52ஆல் வகுத்தால் ஒரு வாரத்துக்குச் சராசரியாக எத்தனை வரும் என்று கிடைத்துவிடும். ஆண்டுக்கு 2,600 என்று காட்டினால் வாரத்துக்கு 50. உங்கள் மொத்த வரம்பு 100 என்றால், ஒரே கேள்வி பாதியை விழுங்கிவிடும். அப்போது தேடலை இறுக்குங்கள்: மூன்றாவது கருத்தொன்றைச் சேர்க்கலாம், அல்லது முதன்மைச் சொல்லைத் தலைப்பில் மட்டும் தேடலாம்.

இதன் பிறகே தேடல் பெட்டிக்குக் கீழே உள்ள ‘கிரியேட் ஆர்எஸ்எஸ்’ என்பதைச் சொடுக்குங்கள். திறக்கும் பெட்டியில் உங்களுக்குப் புரியும் ஒரு பெயரை இடுங்கள். தேடல் சரத்தையே பெயராக விட்டுவிட்டால் வாசிப்புச் செயலியில் எது எதுவென்று அடையாளம் தெரியாது. காட்ட வேண்டிய உருப்படிகளின் எண்ணிக்கை தொடக்கத்தில் சிறியதாக இருக்கும். அதை 100க்கு உயர்த்துங்கள். ஒரே நாளில் பல கட்டுரைகள் சேரும்போது சிறிய எண்ணிக்கை சிலவற்றை வெளியே விட்டுவிடக்கூடும் என்பதே காரணம். மீண்டும் பொத்தானை அழுத்தினால் முகவரி தோன்றும். நகலெடுத்து வாசிப்புச் செயலியில் ஒட்டுங்கள்.

முகவரிப் பட்டையில் உள்ள தேடல் பக்கத்தின் முகவரியை நகலெடுப்பவர்கள் பலர். அது ஓடை அன்று; செயலி அதை ஏற்காது. மேலும், உருவாக்கிய ஓடையின் தேடலைப் பின்னர் திருத்த முடியாது. திருத்திய தேடலுக்குப் புதிய ஓடையை உருவாக்கிப் பழையதை நீக்க வேண்டியிருக்கும். எனவே தேடல் சரத்தை முழுமையாக ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். இதைச் செய்யாதவர்கள் ஆறு மாதம் கழித்து ஒரு சொல்லைச் சேர்ப்பதற்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுகிறார்கள்.

6. ஓடை இல்லாத இதழ்களும் பல இதழ்களுக்கு ஓர் ஓடையும்

சில இதழ்களுக்கு ஓடையே இருப்பதில்லை. வேறு சில இதழ்களின் தளங்கள் தானியங்கி வருகையாளர்களைத் தடுப்பதால், ஓடை உலாவியில் திறந்தாலும் வாசிப்புச் செயலிக்கு மட்டும் கிடைக்காமல் போகும். இரண்டுக்கும் ஒரே மாற்று வழி: இதழ் பப்மெட்டில் இடம்பெற்றிருக்குமானால், அதன் ஐஎஸ்எஸ்என் எண்ணையோ பப்மெட் பயன்படுத்தும் சுருக்கப் பெயரையோ இட்டு, பின்னால் டி, ஏ என்ற இரண்டு எழுத்துகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் சேர்த்துத் தேடி, அந்த முடிவை ஓடையாக்குங்கள். பதிப்பகத்தின் ஓடையை விடச் சற்றுத் தாமதமாக வரலாம். ஆனால் நின்றுபோகாமல் வரும்.

இந்த முறையில் பத்துப் பன்னிரண்டு இதழ்களை ‘ஆர்’ கொண்டு இணைத்து ஒரே ஓடையாக்கவும் முடியும். அதோடு உங்கள் கேள்வியின் சொற்களை ‘ஆண்ட்’ இட்டு இணைத்தால், பெரிய பொது இதழ்களில் உங்கள் பொருள் தொடர்பாக வருபவை மட்டும் வடிந்து வரும். கடிதங்களையும் செய்திகளையும் தவிர்க்கச் ‘சுருக்கம் உள்ளவை’ என்ற வடிகட்டியை இடுங்கள். தலையங்கங்களுக்கும் கடிதங்களுக்கும் பெரும்பாலும் சுருக்கம் இராது என்பதால் அவை தாமாகவே விலகிவிடும்.

பப்மெட்டில் இல்லாத இதழ்களுக்கு, குறிப்பாகச் செவிலியம், துணை மருத்துவத் துறைகள் ஆகியவற்றைச் சேர்ந்த சிலவற்றுக்கு, பதிப்பகத்தின் ஓடையோ மின்னஞ்சல் அறிவிப்போதான் வழி. ஓர் இதழ் எந்த முக்கியத் தரவுத்தளத்திலும் இல்லை என்றால், அதைச் சேர்க்குமுன் அதன் தரத்தைப் பற்றி நூலகரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.

7. முன்பதிப்புகள்

சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு முன்பே வெளியாகும் கட்டுரைகளுக்கான மெட்ஆர்கைவ் தளம் 2019இல் தொடங்கியது; துறைவாரியாக ஓடைகள் அதில் கிடைக்கின்றன. உங்கள் துறையில் வேகம் முக்கியம் என்றால் சேருங்கள். ஆனால் தனிக் கோப்புறையில். மதிப்பிடப்பட்டவையும் மதிப்பிடப்படாதவையும் ஒரே பட்டியலில் ஒரே எழுத்துருவில் வரிசையாக நிற்கும்போது, எது எது என்ற உணர்வு படிப்பவரிடமிருந்து மெல்ல நழுவிவிடும். முன்பதிப்புகளில் ஒரு பகுதி பப்மெட்டிலும் இடம்பெறுவதால், பொருள்வாரி ஓடையிலிருந்து அவற்றை விலக்க விரும்பினால், கட்டுரை வகை ‘ப்ரீப்ரின்ட்’ என்று இருப்பவற்றை ‘நாட்’ இட்டு நீக்கிவிடலாம்.

8. கோப்புறைகளை வகுத்தல்

பொருளின் பெயரால் கோப்புறைகளைப் பிரிப்பதே எல்லோருக்கும் முதலில் தோன்றும். நான் பரிந்துரைப்பது அவசரத்தின்படி பிரிப்பது. ‘தவறவிடக்கூடாதவை’ என்ற கோப்புறையில் பொருள்வாரி ஓடைகளும் ஓரிரு முதன்மை இதழ்களும், ‘நேரமிருந்தால்’ என்ற கோப்புறையில் மற்ற இதழ்களும், மூன்றாவதில் முன்பதிப்புகளும் இருக்கட்டும். நெருக்கடியான வாரத்தில் முதல் கோப்புறையை மட்டும் பார்த்துவிட்டு மற்றவற்றை மூடிவிடலாம். பொருள்வாரியாகப் பிரித்திருந்தால் எல்லாவற்றையும் திறந்தாக வேண்டியிருக்கும்.

9. வாரந்தோறும் பார்க்கும் முறை

செயலியைத் தலைப்புகள் மட்டும் தெரியும் காட்சிக்கு மாற்றுங்கள். படங்களும் சுருக்கங்களுமாக விரியும் காட்சியில் ஒரு திரைக்கு நான்கு கட்டுரைகளே தெரியும். தலைப்புக் காட்சியில் இருபது முப்பது தெரியும்.

முதல் சுற்றில் தலைப்புகளை மட்டும் படித்து, வேண்டியவற்றுக்கு நட்சத்திரக் குறி இடுங்கள். எதையும் திறக்காதீர்கள். திறக்கத் தொடங்கினால் மூன்றாவது கட்டுரையிலேயே நேரம் தீர்ந்துவிடும். சுற்று முடிந்ததும் எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிடுங்கள். இதற்குப் பலர் தயங்குகிறார்கள். ஆனால் குறித்துவிட்டதால் எந்தக் கட்டுரையும் அழிந்துவிடுவதில்லை, தேவைப்படும்போது பப்மெட்டில் அதே தேடலைப் போட்டால் எல்லாம் கிடைக்கும். இரண்டாம் சுற்றில் நட்சத்திரமிட்டவற்றின் சுருக்கங்களைப் படித்து, முழுதாகப் படிக்க வேண்டியவற்றை மட்டும் மேற்கோள் மேலாண்மைச் செயலிக்கு மாற்றுங்கள். சுருக்கத்தின் கடைசி வாக்கியத்தை வைத்துச் சிகிச்சை முடிவு எதையும் எடுக்க வேண்டாம். அது ஆசிரியரின் முடிவுரை, அதற்கான சான்று கட்டுரைக்குள் இருக்கிறது.

கைபேசியில் புதிய கட்டுரை வந்ததற்கான ஒலி அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். ஆய்வுக் கட்டுரை எதுவும் அந்த நிமிடமே படிக்கப்பட வேண்டியதில்லை.

10. முழுக் கட்டுரையை அடைதலும் சேமித்தலும்

ஓடையிலுள்ள இணைப்பு நேரே பதிப்பகத்தின் பக்கத்துக்குச் செல்லும். நிறுவன வளாகத்துக்கு வெளியே இருந்து சொடுக்கினால், உங்கள் நூலகம் சந்தா கட்டியிருந்தாலும் அந்தப் பக்கம் உங்களிடம் பணம் கேட்கும். அது உங்களை அடையாளம் காணவில்லை என்பதே காரணம். பணம் கட்டிவிடாதீர்கள். கட்டுரையின் நிலையான அடையாளமான டிஓஐ எண்ணை நகலெடுத்து நூலகத்தின் தேடல் பக்கத்தில் இடுங்கள். சந்தா இல்லாவிட்டால் பப்மெட் பதிவில் பப்மெட் சென்ட்ரலுக்கான இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; அன்பேவால் என்ற உலாவி நீட்சி, சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்கேனும் இருந்தால் காட்டிக்கொடுக்கும்.

சேமிக்கும்போது ஓடையின் இணைப்பைச் சேமிக்காமல் டிஓஐ எண்ணையே சேமியுங்கள். ஓடை இணைப்புகளில் வருகைக் கண்காணிப்புக்கான வால் ஒட்டியிருக்கும். இதழ் வேறு பதிப்பகத்துக்கு மாறினால் அவை செல்லாமலும் போகலாம். டிஓஐ இதழோடு சேர்ந்து இடம் மாறும்.

11. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள்

கட்டுரை வந்தபோது ஓடை சொன்னது. அது பின்னர் திரும்பப் பெறப்பட்டால் அதே ஓடை சொல்லும் என்று எதிர்பார்க்க முடியாது. திரும்பப் பெறும் அறிவிப்பு தனிப் பதிவாக வெளிவரும். அதன் தலைப்பில் மூலக் கட்டுரையின் பெயர் இருந்தால் உங்கள் தேடலில் சிக்கலாம். ஆனால் அறிவிப்புகளுக்குச் சுருக்கம் இருப்பது அரிது, ஆகவே ‘சுருக்கம் உள்ளவை’ வடிகட்டி அவற்றை வெளியே நிறுத்திவிடும். அந்த வடிகட்டியை இதழ்வாரி ஓடைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பொருள்வாரி ஓடைகளில் இடாமல் விடச் சொல்வது இதனால்தான். சேமித்த கட்டுரைகளைப் பொறுத்தவரை, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவைக் கொண்டு ஜோட்டீரோ தானாகவே சோதித்து எச்சரிக்கும்.

12. பராமரிப்பு

ஓடை நின்றுபோனால் யாரும் சொல்ல மாட்டார்கள். இதழ் பதிப்பகம் மாறுகிறது, தளம் புதுப்பிக்கப்படுகிறது, பழைய முகவரி வெறுமையாகிறது. நம் கண்ணுக்கோ ‘இந்த மாதம் ஒன்றும் வரவில்லை போலிருக்கிறது’ என்றுதான் தோன்றும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வோர் ஓடையிலும் கடைசிக் கட்டுரை எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். மாத இதழ் இரண்டு மாதமாக அமைதியாக இருந்தால் ஐயுறுங்கள். இதழின் தளத்துக்குச் சென்று புதிய முகவரியை எடுங்கள்.

அதே அமர்வில், மூன்று மாதமாக ஒரு நட்சத்திரம்கூடப் பெறாத ஓடைகளை நீக்குங்கள். புகழ்பெற்ற இதழாயிற்றே என்ற தயக்கம் வரும். உங்கள் கேள்விக்கு அது எதையும் தரவில்லை என்றால், உங்கள் 100 தலைப்புகளில் அதற்கு இடமில்லை. புதிய மருந்துப் பெயரோ, நோய்க்குப் புதிய பெயரோ புழக்கத்துக்கு வந்திருந்தால் சேமித்து வைத்த தேடல் சரத்தில் சேர்த்து, 5ஆம் படியின் இரண்டு சோதனைகளையும் மறுபடி செய்து, புதிய ஓடையை உருவாக்குங்கள்.

இறுதியாக, செயலியின் அமைப்புகளில் உள்ள ஏற்றுமதி வசதியைக் கொண்டு உங்கள் ஓடைகளின் பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக எடுத்து, தேடல் சரங்கள் உள்ள கோப்போடு சேர்த்து வையுங்கள். ஏறத்தாழ எல்லா வாசிப்புச் செயலிகளும் இந்தக் கோப்பை ஏற்கும். சேவை மூடப்பட்டாலும் கட்டணம் உயர்ந்தாலும் முழுத் தொகுப்பையும் வேறோர் இடத்தில் சில நிமிடங்களில் நிறுவிவிடலாம். புதிதாகப் பணியில் சேரும் சக ஊழியருக்கும் அதே கோப்பைக் கொடுக்கலாம். 2ஆம் படியை அவர் தமக்காகச் செய்த பிறகு கொடுங்கள்.